பித்தப்பையில ஊமைக்காயம் பட்டா பின்னாடி என்ன ஆகும்?

வணக்கம். பைக் சறுக்கி விழுந்து ஹேண்டில்பார் வயித்துல குத்திடுச்சு, ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு "பித்தப்பை சுவர் மட்டும் லேசா வீங்கியிருக்கு, பார்த்துக்கலாம்"னு டாக்டர் வீட்டுக்கு அனுப்பிட்டார். வீட்டுக்கு வந்தப்புறம்தான் பயமே வருது, எதைப் பார்த்துக்கணும், எத்தனை நாள் பார்த்துக்கணும்? அதைத்தான் இப்போ பேசப்போறோம்.

(திரையில்: கல்லீரல், அதுக்கு அடியில பித்தப்பை)

வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழ, கல்லீரலோட அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு பித்தப்பை. 7ல இருந்து 10 சென்டிமீட்டர் நீளம், 30ல இருந்து 50 மில்லி பித்தநீர் பிடிக்கும், அவ்ளோதான். கல்லீரலும் விலா எலும்பும் காபந்து பண்றதால வயித்துல அடிபடுறவங்கள்ல ரொம்ப கொஞ்சம் பேருக்குத்தான் இதுல அடி விழும், விழுந்துச்சுன்னா அனேகமா கல்லீரல்லயும் சேர்ந்தே பட்டிருக்கும். ரொம்ப நேரம் சாப்பிடாம இருந்தா பை நிரம்பி இருக்கும், குடிச்சிருந்தாலும் பித்தநீர் குடலுக்குப் போற வாசல் இறுகி பை உப்பியே கிடக்கும், அந்த நேரத்துல விழுந்தா அடி பலமா இறங்கும்.

ஊமைக்காயம்னா பையோட சுவருக்குள்ளயே ரத்தம் கட்டிக்கிறது. ஓட்டை கிடையாது. பயந்துபோய் பார்க்கறவங்களுக்காக முதல்லயே சொல்லிடறேன், பெரும்பாலும் அந்த ரத்தக்கட்டு தானா கரைஞ்சு ஆறிடும், ஆபரேஷனும் வேணாம், வாழ்நாள் பத்தியமும் வேணாம்.

ஆனா ரத்தம் கட்டின இடத்துல ரத்த ஓட்டம் குறைஞ்சு திசு செத்துப்போச்சுன்னா, விழுந்த அன்னைக்கு இல்லாத ஓட்டை சில நாளோ சில வாரமோ கழிச்சு விழும். இங்கதான் பலர் ஏமாந்துடறாங்க. கிருமி இல்லாத பித்தநீர் வயித்துக்குள்ள கசிஞ்சா ஆரம்பத்துல துடிக்கிற வலி எல்லாம் வராது, வயிறு லேசா உப்பும், பசிக்காது, குமட்டும், கண்ணு கொஞ்சம் மஞ்சளாகும், நாமளும் கேஸ்னு நினைச்சு மெடிக்கல் ஷாப்ல ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுட்டு வேலைக்குப் போயிடுவோம். அடிபட்ட முதல் சில வாரத்துக்கு தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க, திரும்பப் போய் ஸ்கேன் எடுங்க, முதல் ஸ்கேன் நல்லா இருந்துச்சேன்னு அதையே நம்பிக்கிட்டு இருக்காதீங்க.

இன்னொண்ணு, பித்தப்பைக்குள்ள ரத்தம் கசிஞ்சு உறைஞ்சு, பித்தநீர் வெளிய போற குழாயை அடைச்சுக்கிட்டா கல்லே இல்லாம பித்தப்பை அழற்சி வரும், காய்ச்சலும் வலது பக்க வலியும் இருக்கும். அதே ரத்தம் பித்தக்குழாய் வழியா குடலுக்கு இறங்குச்சுன்னா மலம் தார் மாதிரி கருப்பா போகும், கூடவே மஞ்சள்காமாலையும் வலியும் இருந்தா அது எமர்ஜென்சி, 108க்கு போன் பண்ணிடுங்க.

நீண்ட நாள் பாதிப்புன்னு கேட்டா என் கணக்குல முக்கியமானது பித்தக்குழாய்தான். விழுந்தப்போ அதுலயும் அடிபட்டிருந்தா ஆறும்போது தழும்பு விழுந்து குழாய் சுருங்கிடும், மாசக்கணக்கு கழிச்சு கூட உடம்பு அரிக்கும், மலம் வெளுத்துப் போகும், சிறுநீர் அடர் மஞ்சளா போகும், சிலருக்கு குளிர் காய்ச்சல் வந்து வந்து போகும். காமாலைதானேன்னு கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடாதீங்க, அந்த அடைப்பை அது எடுக்காது.

கிழிஞ்சு போய் பித்தப்பையையே எடுத்துட்டாங்கன்னாலும் கலங்க வேணாம். பித்தநீரைச் சுரக்கறது கல்லீரல், தினமும் அரை லிட்டர்ல இருந்து 1 லிட்டர் வரைக்கும் அது சுரந்துக்கிட்டுதான் இருக்கும், பை சேர்த்து மட்டும்தான் வைக்குது. சிலருக்கு எண்ணெய் பலகாரம், பிரியாணி சாப்பிட்டதும் வயித்தால போகும், கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு சாப்பிட்டா நிறைய பேருக்கு சரியாயிடும், விடாம போச்சுன்னா அதுக்கும் மருந்து இருக்கு.

பல வருஷம் கழிச்சு வலது பக்கம் வலிக்குது, அன்னைக்கு விழுந்ததாலதான் இதுன்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க, சாதாரண பித்தக்கல்லா இருக்கவே வாய்ப்பு ஜாஸ்தி, அல்சரா கூட இருக்கலாம். ஆனா டாக்டர்கிட்ட பழைய விபத்தைக் கட்டாயம் சொல்லுங்க, அப்போ எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் வீட்ல கிடந்தா கையோட எடுத்துட்டுப் போங்க, அதையும் புது ஸ்கேனையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா குழாய் சுருங்கியிருக்கான்னு அவரால சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும்.