இறங்குடா, விக்கெட் விழட்டும்!

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். கொடுத்திருப்பது பத்து நிமிடம், வணக்கத்துக்கு இவ்வளவு போதும்.

வெளியூர் போய் விளையாட்டுப் போட்டி பார்த்ததில் மனதில் நிற்பது ஆட்டமா, பயணமா? இதுதான் தலைப்பு. நான் பயணம் அணி. உண்மையைச் சொன்னால், எந்த அணி வேண்டும் என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. என்னிடம் ஒரு கதை இருந்தது, அதற்கு எந்தப் பக்கம் தோதோ அந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். எதிரணியிலும் பாதிப் பேர் அப்படித்தான், அவர்கள் சொல்லமாட்டார்கள், நான் சொல்லிவிட்டேன்.

கதைக்கு முன்னால் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி நன்றாகப் பேசினார், கைதட்டலும் வாங்கினார். அவர் என்ன சொன்னார்? "ஆட்டம் பார்க்கப் போனவன் வந்த வழியைப் பற்றிப் பேசுவது, கல்யாணத்துக்குப் போனவன் செருப்பைப் பற்றிப் பேசுவது மாதிரி" என்றார். அதோடு விட்டாரா? "பயணம்தான் பெரிது என்றால் மைதானத்து வாசல்வரை போய்விட்டு அப்படியே திரும்பி வரவேண்டியதுதானே, உள்ளே எதற்குப் போகிறீர்கள்?" என்று வேறு கேட்டார். நீங்களும் சிரித்தீர்கள், நடுவரும் சிரித்தார், நானும் சிரித்துத் தொலைத்தேன்.

தம்பி, கல்யாண வீட்டில் உங்கள் செருப்பு என்றைக்காவது காணாமல் போயிருக்கிறதா? போயிருந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள். புதுச் செருப்பு, அன்றைக்குத்தான் போட்டது, வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகிறோம். திரும்பி வந்தால் நம் செருப்பு இருந்த இடத்தில் குதிகால் தேய்ந்த ஒரு ஜோடி இருக்கிறது, அதுவும் இரண்டும் ஒரே காலுக்கு! இருபது வருடம் கழித்து அந்தக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மாப்பிள்ளை பெயர் மறந்திருக்கும், பெண் யார் வீட்டுப் பெண் என்பதும் மறந்திருக்கும், அந்தச் செருப்பு மட்டும் வாரோடு பக்கிளோடு கண்முன்னால் நிற்கும். ஆகவே தம்பி சொன்ன உவமையை நான் அப்படியே வாங்கிக்கொள்கிறேன். அது எங்கள் அணிக்கான உவமை, தவறிப்போய் அங்கே பேசிவிட்டார்.

சரி, அவர் சொன்ன உதாரணத்துக்கும் வருகிறேன். 2005 சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதி ஆட்டம், துருக்கியின் இஸ்தான்புல். இடைவேளையில் ஏசி மிலான் மூன்று கோல், லிவர்பூல் பூஜ்யம். இரண்டாம் பாதியில் லிவர்பூல் ஆறே நிமிடத்தில் மூன்று கோல் போட்டுச் சமன் செய்து, கடைசியில் பெனால்டி ஷூட்அவுட்டில் கோப்பையைத் தூக்கியது. இதை யார் மறப்பார்கள் என்று கேட்டார். யாரும் மறக்கமாட்டார்கள், நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆட்டத்தை டிவியில் பார்த்தவனும் மறக்கமாட்டான் அல்லவா? வீட்டில் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு பார்த்தவனுக்கும் அதே ஆறு நிமிடம், அதே மூன்று கோல், சொல்லப்போனால் அவனுக்கு ரீப்ளே வேறு உண்டு. இங்கிலாந்தில் இருக்கும் லிவர்பூல் ஊரிலிருந்து இஸ்தான்புல்லுக்குச் சாலை வழியாகப் போவதென்றால் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போனவனிடம், சோபாவில் இருந்தவனிடம் இல்லாதது என்ன? அந்த மூவாயிரம் கிலோமீட்டர்தான்! ஆட்டம் ஊர்ப் பொதுச்சொத்து ஐயா. வழி மட்டும்தான் போனவனின் சொந்தச் சொத்து.

ஆட்டம்தான் பெரிது என்பவர்களுக்கு இன்னொன்று. 2009-இல் பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டர் ஓடினார், உலக சாதனை, 9.58 விநாடி. அதைப் பார்க்க எட்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு போன ஒருவர் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அவருக்கு ஒரு தும்மல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1965-இல் குத்துச்சண்டையில் முகமது அலியும் சன்னி லிஸ்டனும் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் லூயிஸ்டன் என்ற சின்ன ஊரில் மோதினார்கள். முதல் சுற்றிலேயே லிஸ்டன் விழுந்துவிட்டார், சண்டை முடிந்துவிட்டது. அடியே விழவில்லை என்று இன்றுவரை சொல்கிறவர்கள் உண்டு. எவ்வளவோ தூரத்திலிருந்து வந்தவன் தன் நாற்காலி எது என்று தேடிக்கொண்டிருக்கிறான், அதற்குள் எல்லாம் முடிந்தது என்றால், திரும்பிப் போகும்போது அவன் எதைப் பேசிக்கொண்டு போவான்? (அதுவும் மே 25, இஸ்தான்புல்லும் மே 25. அந்தத் தேதிக்கே ஏதோ ராசி போலிருக்கிறது.)

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஆல்ப் துயெஸ் என்று ஒரு மலை ஏற்றம் வரும், 21 கொண்டை ஊசி வளைவு. அங்கே நாள்கணக்கில் முன்னாலேயே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி இடம் பிடிப்பார்கள். ஏழாம் வளைவு நெதர்லாந்துக்காரர்கள் கூடுகிற இடம், அந்தப் பக்கமே ஆரஞ்சு நிறமாகிவிடும். டிக்கெட் கிடையாது, நாற்காலி கிடையாது. இத்தனை காத்திருப்புக்கும் தனக்குப் பிடித்த வீரர் கண்முன்னால் கடப்பது சில விநாடி. அங்கே ரோடுதான் மைதானம், தம்பி. வாசல் எங்கே இருக்கிறது திரும்பி வருவதற்கு?

2019 உலகக் கோப்பை அரையிறுதியை நம்மவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மான்செஸ்டரில் ஒரு நாள் ஆட்டம் என்று நம்பித்தான் எல்லோரும் கிளம்பி வந்தார்கள். நியூசிலாந்து 211க்கு 5, மிச்சம் 23 பந்து, மழை வந்துவிட்டது. அந்த 23 பந்துக்கும் நம் பேட்டிங்குக்கும் மறுநாள் வரவேண்டியதாயிற்று. மறுநாள் வந்தால் நாம் 18 ரன்னில் தோற்றோம். ஒருநாள் போட்டியை இரண்டு நாள் பார்த்துத் தோற்ற அந்த ஆளிடம் போய் "ஆட்டம் எப்படி?" என்று கேட்கிற தைரியம் எதிரணிக்கு இருக்கிறதா?

இப்போது என் கதை. மொபைல் வராத காலம். ஒருநாள் போட்டி ஒன்று, எட்டு மணி நேரப் பயணம். வேனில் ஐந்து பேர், டிக்கெட் நான்கு. இந்த எண்ணிக்கையை மட்டும் மறந்துவிடாதீர்கள், பின்னால் வருவேன். ஓட்டியது என் அண்ணன். ராத்திரியே கிளம்பினோம், நடுவழியில் டயர் பஞ்சர், ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்று இல்லை. விடிந்து ஒரு கடை திறந்து, ஒட்டி முடித்து மறுபடி கிளம்பும்போது அங்கே ஆட்டமே தொடங்கிவிட்டது. வேன் ரேடியோவில் வர்ணனை ஓடுகிறது. எதிரணி முதலில் பேட்டிங், போட்டு விளாசுகிறார்கள், விக்கெட்டே விழவில்லை. வேனுக்குள் இழவு வீடு மாதிரி அமைதி.

அப்போது எங்கள் நண்பன் ஒருவன், பெயர் வேண்டாம், இன்று பெரிய பதவியில் இருக்கிறான், மெதுவாக ஒற்றை விரலைக் காட்டினான். அண்ணன் திட்டிக்கொண்டே ஓரம் கட்டினார். அவன் இறங்கி ஒரு மைல்கல்லுக்குப் பக்கத்தில் நின்றான். நின்றதுதான் தாமதம், ரேடியோவில் அவுட்! எல்லோரும் கத்தினோம், அவன் பயந்துபோய்ப் பாதியிலேயே ஓடிவந்துவிட்டான். பாதியில் வந்தவன் சும்மா இருப்பானா? இருபது நிமிடத்தில் மறுபடி விரலைக் காட்டினான். இறங்கினான், நின்றான், மறுபடி அவுட்!

அண்ணன் வண்டியை எடுக்கவில்லை. திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தார், பாருங்கள், அதுவரை அவனை அவர் மனிதனாகவே மதித்ததில்லை. அப்புறம் பத்துக் கிலோமீட்டர்கூடப் போயிருக்கமாட்டோம், அவராகவே ஓரம் கட்டினார். "இறங்குடா."

"அண்ணே, எனக்கு வரலைண்ணே."

"வருதோ இல்லையோ, இறங்கு. நீ நின்னா போதும்."

இறங்கினான். மூன்று பந்து போனது, ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஒழுங்கா நில்லுடா, சும்மா வேடிக்கை பார்க்கிற மாதிரி நின்னா எப்படி விழும்?" என்றார். அவன் நிமிர்ந்து, மைல்கல்லைப் பார்த்து, முழு மனதோடு நின்றான். ரன் அவுட்!

அதற்கப்புறம் அது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. வண்டி நகர்வதும் நிற்பதும், அவன் இறங்குவதும் ஏறுவதும். ஒரு இடத்தில் பின்னால் வந்த லாரிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். நல்ல மனிதர். "என்னப்பா, அந்தத் தம்பிக்கு உடம்பு சரியில்லையா? ரொம்ப நேரமா நிக்கிறாரே?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "எத்தனை விக்கெட் போயிருக்கு?" என்றார். ஆறு என்றோம். ஒரு நிமிடம் யோசித்தார், லாரியை ஓரமாக விட்டார், இறங்கி வந்து எங்கள் ஆளுக்குப் பக்கத்தில் தோளோடு தோள் உரச அவரும் நின்றார். நடுவர் அவர்களே, அடுத்த ஓவரில் இரண்டு விக்கெட்!

இந்த வேலையில் நாங்கள் மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது எதிரணி ஆல் அவுட், இடைவேளையும் பாதி முடிந்துவிட்டது. எங்கள் ஆள் ஆட்ட நாயகன் மாதிரி நடந்து வந்தான். ஆனால் இனிமேல் நம் அணி பேட்டிங். இப்போது அவன் எழுந்தால் யார் விக்கெட் விழும்? ஒருபக்கம் நான், இன்னொரு பக்கம் இன்னொருவன், நடுவில் அவனை உட்கார வைத்து மூன்று மணி நேரம் பிடித்துக்கொண்டோம். கெஞ்சினான், அழுதான், விடவில்லை. கடைசியில் ஜெயிக்க நான்கு ரன் என்ற நிலையில் எங்கள் பிடி கொஞ்சம் தளர்ந்தது, ஓடிவிட்டான். வெற்றி பவுண்டரி போனபோது அவன் கழிவறையில். இன்றைக்கும் அவனைப் பார்த்தால் அந்த மைல்கல்லைத்தான் சொல்வான், லாரிக்காரரின் நீல லுங்கியைத்தான் சொல்வான். அந்த பவுண்டரியை அடித்தது யார் என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது.

மணி அடிக்கிறீர்கள், தெரிகிறது ஐயா, இன்னும் இரண்டே நிமிடம். ஐந்து பேர், நான்கு டிக்கெட் என்று சொன்னேன் அல்லவா?

அண்ணன் வாசல்வரை வந்தார். "எனக்குத் தூக்கம் வருது, நீங்க போங்கடா" என்றார். ராத்திரி முழுக்க ஓட்டியவர், தூக்கம் வரும்தானே என்று நாங்களும் போய்விட்டோம். அந்த வயதில் அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை. திரும்பும் வழியில்தான் தெரிந்தது, அவர் கண்ணை மூடவே இல்லை. வேனில் ரேடியோவை வைத்துக்கொண்டு மதில் ஓரமாகவே இருந்திருக்கிறார். கேலரியின் உச்சியிலிருந்து எறும்பு மாதிரி ஆட்களைப் பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு, முழு ஆட்டத்தையும் ஓவர் ஓவராகச் சொன்னது அவர்தான். "முதல்ல சுவர் தாண்டி சத்தம் வரும்டா, அப்புறம்தான் ரேடியோல சொல்வான். ஃபோர்னா சத்தம் ஏறி உடனே இறங்கிடும். சிக்ஸர்னா பந்து மேல இருக்கும்போதே ஆரம்பிச்சு இழுக்கும். நம்ம ஆள் அவுட்னா, சத்தம் பாதியில அறுந்து போயிடும்" என்றார். அன்று டிக்கெட் இன்னொன்று கிடைக்காததற்கு அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் நான்கு பேரும் தூங்கிவிட்டோம், அவர்தான் விடிய விடிய ஓட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது அண்ணனுக்குக் கண் சரியில்லை, வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். போன மாதம் ஒரு ஆட்டத்துக்கு அவரை நான் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில். இரண்டு பேர், இரண்டு டிக்கெட், நல்ல இடமாகப் பார்த்து வாங்கியிருந்தேன். உள்ளே போய் உட்கார்ந்து நான்கு ஓவர் ஆனது. என் கையைத் தட்டினார். "ஒண்ணும் தெரியலைடா, வர்ணனையும் இல்ல. வண்டிக்குப் போயிடலாமா?" என்றார்.

தம்பி, வாசல்வரை போய்த் திரும்பி வரலாமே என்று கேட்டீர்களே, நாங்கள் உள்ளே போய்த் திரும்பி வந்தவர்கள். காரை மதில் ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மொபைலில் வர்ணனையை வைத்தேன். அது இந்தக் காலத்தில் பல விநாடி தாமதமாகத்தான் வரும். பந்து வீச்சாளர் ஓடி வருகிறார் என்று மொபைலில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு 'ஓ' கிளம்பி, இழுத்து, இன்னும் இழுத்து மேலே போனது. அண்ணன் மொபைலைக் கையால் மூடினார், கண்ணையும் மூடிக்கொண்டார், என் பக்கம் திரும்பி, "சிக்ஸர்" என்றார்.