நீட் தேர்வு: ஊரிலிருந்து எந்தப் புத்தகங்களை வாங்கி வருவது?

வணக்கம். சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகன் இங்கே சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான், இந்தியாவின் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் எழுத வேண்டும் என்கிறான். டிசம்பர் விடுமுறைக்குத் திருச்சி போகிறார்களாம். "வாங்க வேண்டிய புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் கொடுங்கள்" என்பது கேள்வி.

அம்மா, பட்டியல் மிகச் சிறியது. பெட்டியில் புத்தகத்துக்கென்று ஒதுக்கிய இடத்தில் பாதிக்கு முறுக்கும் அதிரசமும் வைத்துக்கொள்ளலாம்.

உயிரியலுக்கு, சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் என்சிஇஆர்டி பாடநூல் போதும். 180 கேள்விகளில் 90 உயிரியல், 720 மதிப்பெண்ணில் 360. அந்தக் கேள்விகள் பெரும்பாலும் பாடநூலின் வரிகளையும் படத்தின் கீழுள்ள குறிப்புகளையும் ஒட்டியே வருகின்றன. தடிமனான வழிகாட்டி ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் பிள்ளை அதைத்தான் படிப்பான், பாடநூல் அலமாரியில் தூங்கும். என்னிடம் படித்த ஒரு பெண் உயிரியலுக்கு நான்கு புத்தகம் வைத்திருந்தாள். நான்கிலும் முதல் மூன்று அத்தியாயங்களில் மட்டும் மஞ்சள் கோடு!

வேதியியலில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2023-இல் பாடச்சுமையைக் குறைத்தபோது பி-தொகுதித் தனிமங்களை என்சிஇஆர்டி நூலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் தேசிய மருத்துவ ஆணையம் 2024 தேர்வுக்கு வெளியிட்ட நீட் பாடத்திட்டத்தில் அது இருந்தது. புதிய பதிப்பை மட்டும் வைத்துப் படிப்பவனுக்கு அந்தப் பாடம் இருப்பதே தெரியாது. ஆகவே நண்பர் வீட்டில் பழைய பதிப்பு கிடந்தால் கேட்டு வாங்குங்கள். அதே நேரத்தில் வினாத் தொகுப்பில் மட்டும் பழைய பதிப்பு எதையும் வாங்காதீர்கள். திட நிலைமை, பலபடிகள் என்று நீக்கப்பட்ட பாடங்களுக்குக் கணக்குப் போட்டே மாதம் ஓடிவிடும். எந்தப் புத்தகமானாலும் அந்த ஆண்டின் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து, அத்தியாயப் பெயர்களைச் சரிபார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

உண்மையில் தேர்ந்தெடுக்க வேண்டியது இயற்பியல் புத்தகம்தான். இதில் நான் பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். மகனையும் கடைக்கு அழைத்துப் போங்கள். அவன் பள்ளியில் முடித்துவிட்ட ஓர் அத்தியாயத்தை, வேலை, ஆற்றல், திறன் என்று வைத்துக்கொள்வோம், புரட்டச் சொல்லுங்கள். முதலில் விடைப் பகுதியைப் பார்க்கட்டும். வெறும் 'அ', 'ஆ' என்று விடை மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடலாம். விளக்கம் இருந்தால் அங்கேயே ஐந்தாறு கணக்கை மனத்தில் போட்டுப் பார்க்கட்டும். எல்லாம் வந்துவிட்டால் அது அவனுக்கு எளிது. ஒன்றுமே வரவில்லை என்றால் அது பொறியியல் நுழைவுத் தேர்வுக்காரர்களுக்கு எழுதியதாக இருக்கலாம். பாதி வந்து, மீதிக்கு விளக்கத்தைப் படித்ததும் "அட, இதுதானா" என்று தோன்றுகிறதே, அந்தப் புத்தகத்தை வாங்குங்கள். ஒன்று போதும், இரண்டு முறை போடட்டும். தவறிய கணக்குகளுக்குப் பென்சிலில் ஒரு குறி. இரண்டாம் முறை அந்தக் குறிகளை மட்டும் பார்த்தால் போதும்.

இங்கே பக்கத்து வீட்டுத் தொடக்கக் கல்லூரி மாணவர் தன் மேல்நிலைத் தேர்வு (ஏ லெவல்) புத்தகங்களைக் கொடுக்கிறார், வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இயற்பியல் கருத்து புரிவதற்கு அவை நல்லவை, மறுக்கவில்லை. பயிற்சிக்கு உதவாது. அந்தத் தேர்வில் கணிப்பான் உண்டு, விரிவான விடை எழுத வேண்டும். நீட்டில் கணிப்பான் கிடையாது. 2025-இல் 180 கேள்விக்கு 180 நிமிடம்தான். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். கையால் பெருக்கி வகுக்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு இங்கே குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பழைய வினாத்தாள்களுக்குச் செலவு வேண்டாம், இணையத்தில் கிடைக்கின்றன. அச்செடுத்து வையுங்கள். இந்தியாவில் பிற்பகல் 2 மணிக்குத் தேர்வு தொடங்கினால் இங்கே மணி 4.30. பள்ளி முடிந்து வந்து கண் சொக்கும் நேரம். ஞாயிறுதோறும் அதே நேரத்துக்கு உட்கார்ந்து ஒரு தாளை முழுதாக எழுதட்டும். அந்த நேரத்தில் புளோக்கின் கீழே பூப்பந்து ஆடுகிறவனாக இருந்தால், ஞாயிறு மட்டும் ஆட்டத்தைக் காலைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.