சதவீதம் இருக்கட்டும், உங்கள் குறிப்பேட்டைக் காட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆய்வேடு, அசைன்மென்ட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்று எதையாவது எழுதி முடிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக இந்த வீடியோ. என்னிடம் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி ஒன்று: "சிமிலாரிட்டி எத்தனை சதவீதம் வரைக்கும் இருக்கலாம்?" அதாவது, நம் எழுத்து மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகலாம் என்று.

உங்கள் கல்லூரி, பல்கலைக்கழகம் ஒரு எண் சொல்லியிருந்தால் அதற்குள் இருங்கள், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் அந்த எண்ணுக்குள் இருந்துவிட்டாலே கருத்துத் திருட்டு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். டர்னிட்டின் போன்ற மென்பொருள் என்ன செய்கிறது? தன்னிடம் இருக்கும் கோடிக்கணக்கான பக்கங்களோடு உங்கள் எழுத்தை ஒப்பிட்டு, ஒரே மாதிரி வருகிற வரிகளை நிறம் போட்டுக் காட்டுகிறது. திருடினீர்களா, முறையாக மேற்கோள் காட்டினீர்களா என்று அதற்குத் தெரியாது. துணைநூற்பட்டியலையும் மேற்கோள் குறிக்குள் இருப்பதையும் சேர்த்து எண்ணினால் நேர்மையான கட்டுரைக்குக்கூட 25 சதவீதம் வரலாம். இன்னொரு கட்டுரையில் வெறும் 3 சதவீதம்தான் இருக்கும், ஆனால் அந்த 3 சதவீதம் முழுக்க ஒருவருடைய முக்கியமான பத்தியாக இருக்கும். இதில் எது பிரச்சினை? இரண்டாவதுதான். அறிக்கை வந்தால் எண்ணைப் பார்த்து மூடிவிடாமல், நிறம் போட்ட ஒவ்வொரு இடத்தையும் திறந்து பாருங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ஆங்கிலக் கட்டுரையைப் படித்து, அதை வரிக்கு வரி தமிழாக்கி, பெயர் சொல்லாமல் போட்டுவிட்டால் மென்பொருள் பெரும்பாலும் கண்டுபிடிக்காது. "நான் எழுதிய தமிழ்தானே, சொல் எல்லாம் என்னுடையதுதானே" என்று நிறைய பேர் உண்மையாகவே நம்புகிறார்கள். சொல் உங்களுடையதாக இருக்கலாம். வாதம், வரிசை, உதாரணம் எல்லாம் அவருடையவை. பின்னாளில் ஹங்கேரியின் ஜனாதிபதியான பால் ஷ்மிட் 1992இல் ஒலிம்பிக் பற்றி ஆய்வேடு எழுதி முனைவர் பட்டம் வாங்கினார். அதன் பெரும்பகுதி வேறொருவர் பிரெஞ்சில் எழுதியதன் மொழிபெயர்ப்பு என்று 2012இல் செய்தி வெளியானது. பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்பப் பெற்றது, அவர் பதவியிலிருந்து விலகினார். எழுதி 20 வருஷம் கழித்து! மென்பொருளுக்குத் தெரியாவிட்டாலும் இரண்டு மொழியும் படித்த ஒருவர் என்றாவது வந்து உட்காருவார்.

மொழிபெயர்த்துப் பயன்படுத்துவதில் தப்பே இல்லை, தாராளமாகச் செய்யுங்கள். ஒரு வரியை அப்படியே தமிழாக்கினால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள், ஆசிரியர், ஆண்டு, பக்கம் கொடுங்கள், "மொழிபெயர்ப்பு என்னுடையது" என்று ஒரு குறிப்புச் சேருங்கள். கருத்தை மட்டும் எடுத்தால் மேற்கோள் குறி வேண்டாம். ஆசிரியர் பெயரும் ஆண்டும் எப்போதும் வேண்டும்.

சரி, இது எங்கே ஆரம்பிக்கிறது? திட்டம் போட்டுத் திருடுகிறவர்களைப் பற்றி நான் பேசவில்லை. நல்ல மாணவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் எழுதும்போது இல்லை, குறிப்பெடுக்கும்போது. ஜனவரியில் ஒரு பிடிஎஃப் படிக்கிறீர்கள், நல்ல பத்தி ஒன்று கண்ணில் படுகிறது, காப்பி பண்ணி வேர்டில் ஒட்டுகிறீர்கள். அதற்குக் கீழே உங்கள் எண்ணம் இரண்டு வரி. அப்புறம் இன்னொரு கட்டுரை, இன்னொரு பத்தி. ஜூனில் திறந்து பார்த்தால் எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. நன்றாக எழுதியிருப்பதெல்லாம் நாம் எழுதியது மாதிரியே தோன்றும். அந்த நேரத்தில் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் தகவலே இல்லை.

அதனால் குறிப்பேட்டில் மூன்று வகையை மட்டும் பிரித்து வையுங்கள். அப்படியே எடுத்த வரி என்றால் ஒட்டிய அந்த நொடியே மேற்கோள் குறி போட்டுப் பக்க எண் எழுதுங்கள், "பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று விட்டுவிடாதீர்கள். அவர் கருத்து, என் சொல் என்றால் மேற்கோள் குறி இல்லாமல் ஆசிரியர் பெயரும் பக்கமும். என் சொந்த எண்ணம் என்றால் முன்னால் "நான்" என்று எழுதி ஒரு கோடு. நான் இதற்கு நிறம் பயன்படுத்துவதில்லை. வேறு கோப்புக்கு மாற்றும்போது நிறம் காணாமல் போய்விடும், மேற்கோள் குறி போகாது.

அடுத்தது பாராஃப்ரேஸ், அதாவது இன்னொருவர் சொன்னதை நம் சொல்லில் எழுதுவது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். திரையில் ஒரு வாக்கியம் வருகிறது பாருங்கள், இந்த வீடியோவுக்காக நானே எழுதியது. இதை நீங்கள் படிக்கிற மூலம் என்று வைத்துக்கொள்வோம்:

"தேர்வுக்கு முந்தைய இரவு விழித்திருந்து படிக்கும் மாணவர்கள், படித்தது நினைவில் நிலைப்பதற்குத் தேவையான உறக்கத்தை இழக்கிறார்கள், இதனால் அதிக நேரம் படித்தும் குறைவாகவே நினைவுகூர்கிறார்கள்."

இப்போது ஒரு மாணவர் எழுதுவது: "பரீட்சைக்கு முதல் நாள் இரவு கண்விழித்துப் படிக்கும் மாணாக்கர்கள், கற்றது மனத்தில் தங்குவதற்கு அவசியமான தூக்கத்தைத் தொலைக்கின்றனர், ஆகவே நெடுநேரம் படித்தும் சொற்பமாகவே ஞாபகம் வைத்திருக்கின்றனர்."

ஏறக்குறைய எல்லாச் சொல்லையும் மாற்றிவிட்டேன் என்று அவர் சந்தோஷப்படலாம். ஆனால் தேர்வு பரீட்சை ஆனது, உறக்கம் தூக்கம் ஆனது, அவ்வளவுதான் நடந்தது. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது, காற்புள்ளி கூட அதே இடத்தில். ஆசிரியர் பெயரைப் பக்கத்தில் போட்டாலும் இது சரியாகாது. பெயர் போட்டதால் கருத்து அவருடையது என்று ஒப்புக்கொண்டீர்கள், ஆனால் வாக்கியம் உங்களுடையது என்று காட்டுகிறீர்கள். அது உங்களுடையது இல்லை.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "இரவு முழுக்கப் படிப்பதால் கூடுகிற நேரத்தை இழந்த உறக்கம் பயனற்றதாக்கிவிடுகிறது என்று இந்த ஆசிரியர் வாதிடுகிறார்." இங்கே அடைப்புக்குறிக்குள் ஆண்டும் பக்கமும். அதற்குப் பிறகு: "அப்படியானால் படித்த மணிநேரத்தை மட்டும் எண்ணுகிற ஆய்வுகள் இந்த இழப்பைக் கவனிக்காமல் விடக்கூடும்."

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். முதல் வாக்கியம் "என்று வாதிடுகிறார்" என்று முடிகிறது, பின்னால் ஆண்டும் பக்கமும் வருகிறது. அவர் பேச்சு முடிந்த இடம் வாசகருக்குத் தெரிகிறது. அடுத்த வாக்கியம் என்னுடையது என்பதும் தெரிகிறது. பத்தி முழுக்க எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு அடைப்புக்குறி போடுகிறோமே, அதில் எந்த வரி வரைக்கும் அவர், எங்கிருந்து நீங்கள் என்று யாருக்கும் புரியாது. உங்கள் சொந்தச் சிந்தனைகூட அவர் கணக்கில் போய்விடும். எனக்கு இதுதான் பெரிய வருத்தம், நல்ல யோசனை செய்த பிள்ளைகள் அதை அடுத்தவர் பெயரில் புதைத்துவிடுகிறார்கள்.

செய்யும் முறை எளிது. மூலத்தைப் படியுங்கள், மூடுங்கள், பக்கத்தில் இருக்கிற ஒருவருக்கு விளக்குவது மாதிரி எழுதுங்கள். அப்புறம் திறந்து, அர்த்தம் மாறியிருக்கிறதா, சொற்றொடர் ஏதாவது அப்படியே வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். மூடிவிட்டு எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், இன்னொரு தடவை படிக்க வேண்டியதுதான்.

அடுத்து, படிக்காத நூலை மேற்கோள் காட்டுவது. இதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் நம்பிக்கையைக் கெடுப்பதில் இதுவும் சளைத்ததில்லை. பசலைக்கீரை கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். தசமப் புள்ளியை யாரோ இடம் மாற்றி வைத்ததால்தான் பசலைக்கீரையில் பத்து மடங்கு இரும்புச்சத்து இருப்பதாக உலகம் நம்பியது என்ற கதை. 1981இல் டெரன்ஸ் ஹாம்ப்ளின் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை எழுதினார், ஆதாரம் எதுவும் கொடுக்கவில்லை. அதன் பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே போனார்கள். 2010இல் மைக் சட்டன் என்ற ஆய்வாளர் மூலத்தைத் தேடிப் போனார், அந்தத் தசமப் புள்ளித் தவறு நடந்ததற்கு அவருக்கு ஆதாரமே கிடைக்கவில்லை. அறிவியலில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று சொல்வதற்காகவே இந்தக் கதையைச் சொன்னவர்கள் பலர். அவர்களே சரிபார்க்கவில்லை. இந்தச் சங்கிலி முழுவதையும் வைத்து நார்வே மானிடவியலாளர் ஓலே பியோர்ன் ரெக்டால் 2014இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆய்வு எழுதுகிற எல்லோரும் படிக்க வேண்டிய கட்டுரை என்பேன்.

ஹாம்ப்ளினை நீங்கள் படிக்கவில்லை, ரெக்டாலைத்தான் படித்தீர்கள் என்றால் அதையே சொல்லுங்கள்: "ஹாம்ப்ளின், 1981, ரெக்டால், 2014இல் மேற்கோள் காட்டியபடி." துணைநூற்பட்டியலில் ரெக்டால் மட்டும் வருவார். ஆனால் இது கடைசி வழி. மூலம் கிடைக்கும் என்றால் போய்ப் படித்துவிடுங்கள்.

ரெக்டாலின் அதே கட்டுரையைத் துணைநூற்பட்டியலில் எப்படிப் போடுவது என்று ஏபிஏ என்ற மேற்கோள் முறையில் எழுதிக் காட்டுகிறேன். முதலில் ஆசிரியர்: ரெக்டால், ஓ. பி. பிறகு அடைப்புக்குறிக்குள் 2014. பிறகு கட்டுரைத் தலைப்பு, சாதாரண எழுத்தில். பிறகு இதழின் பெயர், சோஷியல் ஸ்டடீஸ் ஆஃப் சயன்ஸ், சாய்வெழுத்தில். தொகுதி 44, அதுவும் சாய்வில். இதழ் எண் 4, அடைப்புக்குறிக்குள். பக்கம் 638 முதல் 654. கடைசியில் டிஓஐ இணைப்பு, அதாவது இணையத்தில் அந்தக் கட்டுரைக்கென்றே இருக்கும் நிரந்தர அடையாள எண். எம்எல்ஏ, சிகாகோ, ஐஈஈஈ, வான்கூவர் என்று எந்த முறை எடுத்தாலும் யார், எப்போது, எதை, எங்கே என்ற இந்த நாலும்தான். வரிசையும் புள்ளியும் மாறும். எந்த முறை என்பதைத் துறையில் கேட்டு, ஒன்றைப் பிடித்து, கடைசி வரைக்கும் அதிலேயே இருங்கள்.

நம் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. இந்த முறைகளில் பெரும்பாலானவை குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கின்றன, நமக்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் அப்பா பெயரின் முதலெழுத்து, ஊர்ப் பெயரின் முதலெழுத்து. உ. வே. சாமிநாதையர் என்றால் "சாமிநாதையர், உ. வே." என்று எழுதுங்கள். உ. என்பதை விரித்து எழுதி அதை முன்னால் கொண்டுவராதீர்கள், ஊர்தான் முன்னால் வந்து நிற்கும். ஆங்கில ஆய்வேட்டில் தமிழ் நூலைக் காட்டும்போது ஏபிஏ முறையில் தலைப்பை ரோமன் எழுத்தில் எழுதி, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஆங்கில மொழிபெயர்ப்பும் தர வேண்டும்.

இதையெல்லாம் கையால் செய்ய வேண்டியதில்லை. சோட்டேரோ என்ற இலவச மென்பொருள் 2006இலிருந்து இருக்கிறது. டிஓஐ கொடுத்தால் விவரங்களை அதுவே நிரப்பும். நிரப்பியதை ஒரு தடவை கண்ணால் பாருங்கள், தமிழ்ப் பெயர்களை அடிக்கடி திருப்பிப் போட்டுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேற்கோள் வேண்டுமா என்றால், வேண்டாம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு யார் பெயரும் தேவையில்லை. உங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததா என்று சந்தேகமாக இருந்தால் மட்டும் கொடுத்துவிடுங்கள். போன செமஸ்டரில் கொடுத்த உங்கள் கட்டுரையையே மறுபடி கொடுப்பதற்கு முன் ஆசிரியரிடம் கேளுங்கள். படம், அட்டவணை, நிரல் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

ஏஐ பற்றிக் கேட்பீர்கள். சாட்ஜிபிடியிடம் ரெஃபரன்ஸ் கேட்டால், அச்சு அசலாக இருக்கும், ஆனால் சில சமயம் அப்படி ஒரு கட்டுரையே உலகத்தில் இருக்காது. 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அது கொடுத்த வழக்குகளை நம்பி மனுவில் போட்டார்கள், அந்த வழக்குகளே நடக்கவில்லை, 5,000 டாலர் அபராதம் விதித்தார் நீதிபதி. அது தரும் ஒவ்வொரு டிஓஐயையும் திறந்து பாருங்கள், திறந்தால் மட்டும் போதாது, அதே தலைப்புதானா என்று பாருங்கள், படித்த பிறகுதான் பட்டியலில் சேர்க்க வேண்டும். எழுதுவதற்கு ஏஐ பயன்படுத்தலாமா, பயன்படுத்தினால் எங்கே குறிப்பிட வேண்டும் என்பதை உங்கள் கல்லூரி விதியில் பாருங்கள்.

கடைசியாக, நாளைக்குச் சமர்ப்பிக்க வேண்டும், ஒரு பத்தி யாருடையது என்று தெரியவில்லை, என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு. அந்தப் பத்தியில் வித்தியாசமான ஏழெட்டுச் சொல்லை எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள், கூகுள் புக்ஸிலும் தேடுங்கள். மொழிபெயர்த்ததாகத் தோன்றினால் முக்கியச் சொற்களை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். கிடைக்கவில்லையா, அதே கருத்தைச் சொல்லும் வேறு நூலைப் படித்து, அதை வைத்துப் புதிதாக எழுதுங்கள். அதற்கும் நேரம் இல்லை என்றால் பத்தியை எடுத்துவிடுங்கள். ஒரு பத்தி குறைந்ததற்காக யாரும் பட்டத்தை நிறுத்த மாட்டார்கள். அப்புறம், சமர்ப்பிக்கும் முன்னால் கட்டுரைக்குள் வருகிற ஒவ்வொரு பெயரும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் கட்டுரைக்குள் வருகிறதா என்று பேனாவால் டிக் அடித்துப் பாருங்கள். அடுத்த வீடியோவில் சோட்டேரோவில் தமிழ் நூல்களைச் சேர்ப்பது எப்படி என்று திரையில் செய்து காட்டுகிறேன். வணக்கம்.