அமைதியான ஊருக்கு ஒரு ரயில்

அவைத்தலைவர் அவர்களே, பேரூராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வட்டாட்சியர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தமிழாசிரியர் ஐயா அவர்களே, மீனவப் பஞ்சாயத்தார்களே, தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய வாசகர் வட்டத்துக்கு நன்றி. வட்டாட்சியர் அவர்கள் சீக்கிரம் கிளம்ப வேண்டுமாம். அவர் எழுந்திருப்பதற்குள் ரயில் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் தரங்கம்பாடியை வைத்து 'அமைதியான கடலோர ஊரில் வாழ்க்கை' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கடல், கோட்டை, மக்கள் என்று மூன்றாகப் பிரித்துப் பேசப்போகிறேன்.

முதலில் கடல். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழும்பிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2004 சுனாமியைப் பற்றி இந்தச் சபையில் நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். சாதாரண நாளிலேயே இருட்டியதும் ராஜ வீதியில் நாய் நடமாட்டம்தான் இருக்கும். அப்போது அதுவும் குறைந்துவிடும். வெளியூர்க்காரர்கள் வந்து, "ஆகா, என்ன அமைதி!" என்கிறார்கள். ஓசோன் காற்று என்று நாமும் எடுத்துவிடுகிறோம். அளந்தது யாரென்று கேட்காதீர்கள்!

கோட்டை. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் கோட்டை கட்ட டென்மார்க்கிலிருந்து வந்த டேனியருக்கு இடம் கொடுத்தார். 1706-இல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கினார், அப்புறம் அச்சுக்கூடம் வந்தது. 1845-இல் டேனியர் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். நாகப்பட்டினத்துக்கு 1860-களிலேயே ரயில் வந்துவிட்டது. நமக்கு? 1926 வரை காத்திருந்தோம். இங்கேதான் அந்தப் பழமொழி: அழுத பிள்ளை பால் குடிக்கும். நாம் அழவே இல்லை!

அந்த மாயவரம் ரயிலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பெரியம்மா நெத்திலிக் கருவாட்டுக் கூடையோடு ஏறுவார். ஒருநாள் திருக்கடையூரில், அறுபதாம் கல்யாணம் முடித்த குடும்பம் ஒன்று மாலையும் கழுத்துமாக அதே பெட்டியில் ஏறிவிட்டது. ரயில் நகர்ந்ததும் வாசனை கிளம்பியது. கல்யாண மாப்பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, அடுத்த பெட்டிக்குப் போகக் கூடாதா?" என்றார். பெரியம்மா, "ஐயா, இது கூடை வச்ச இடம். ஆக்கூர்ல இறங்கி நீங்க மாறிக்குங்க" என்றார். ஆக்கூரும் வந்தது, யாரும் இறங்கவில்லை. அந்த அம்மாள் தன் மாலையிலிருந்து ஒரு முழம் பூவை அறுத்துக் கூடைமேல் போட்டார். வாசனை இரண்டாயிற்று! செம்பனார்கோவிலில் லட்டு கொடுத்தார்கள். மன்னம்பந்தல் தாண்டியதும் சம்பந்தி மெல்லக் குனிந்து, "படி என்ன விலை?" என்றாரே பார்க்கலாம்! மாயவரத்தில் இறங்கும்போது பெரியம்மா கூடை பாதி காலி.

இப்போது ஆளுக்கொரு காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறோம். கார் இல்லாதவர் பேருந்தில் நின்றுகொண்டே போகிறார்.

1986-இல் ரயிலை நிறுத்தினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக அறுபது! ஊரெல்லாம் அறுபதுக்குத் திருக்கடையூர் வந்து மணிவிழா நடத்துகிறது. நம் ரயிலுக்கு மட்டும் மூடுவிழா. 2020-இல் மாயவரம், அதாவது மயிலாடுதுறை, தனி மாவட்டம் ஆயிற்று. ஆட்சியர் அலுவலகமும் அங்கே, ரயில் சந்திப்பும் அங்கே. முப்பது கிலோமீட்டர்தான் தூரம். பக்கத்தில் பேரளம்–காரைக்கால் பாதைக்கு மறுபடி தண்டவாளம் போட்டாகிவிட்டது. அவர்கள் அழுதார்கள், ஐயா. அழுத பிள்ளை பால் குடிக்கும்.

படித்த பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டதால் வந்த அமைதியை அமைதி என்று எப்படிச் சொல்வது? தலைவர் அவர்களே, ரயிலை மறுபடி விடச் சொல்லிப் பேரூராட்சியில் ஒரு தீர்மானம் போட்டுக் கொடுங்கள்.

மூன்றாவது, மக்கள். அவைத்தலைவர் மணி அடித்துவிட்டார், சரி. ரயில் கேட்கும் மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது, பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். சுண்டல் அதற்கு அடுத்த மேசையில்தான்.