கடைமடை வரை ஒரு நடை

நேயர்களுக்கு வணக்கம். "போய்வந்த ஒரு இடத்தைப் பற்றிச் சொல்லுங்க, கேட்கிறவங்களும் கூடவே நடந்து வர்ற மாதிரி இருக்கட்டும்" என்றுதான் நிலையத்திலிருந்து என்னை அழைத்தார்கள். சரி, நடந்துவிடுவோம்.

இடம் இந்தோனேசியாவின் பாலித் தீவு. பாலி என்றால் கடற்கரையும் உயரமான ஊஞ்சலில் உட்கார்ந்து எடுத்த படங்களும்தான் பலருக்கு ஞாபகம் வரும். நான் கூட்டிப்போவது அந்தப் பக்கம் இல்லை. தீவின் உள்பகுதியில் தபானான் மாவட்டத்தில், 2,276 மீட்டர் உயரமுள்ள பாத்துகாரு மலையின் சரிவில், ஜத்திலுவி என்றொரு ஊர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காலையில் லேசாகக் குளிரும். ஊரைச் சுற்றி முன்னூறு ஹெக்டேர் சொச்சத்துக்குப் படிப்படியாக நெல்வயல், அதற்குள் நடந்து போக அடையாளம் போட்ட பாதைகள். ஒரு மணி நேரத்தில் முடிகிறதும் உண்டு, அரை நாள் பிடிக்கிறதும் உண்டு. நாங்கள் எடுத்தது இரண்டரை மணி நேர நடை, பெரும்பாலும் இறக்கம், பயப்பட ஒன்றுமில்லை.

நாங்கள் என்றால் நானும் என் அத்தையும். அத்தைக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு. பேராவூரணிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு நாற்பது வருஷம் வயல் பார்த்தவர். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடை அது, தெரிந்திருக்கும். ஜூன் 12 மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தி வந்தால் மற்றவர்கள் சந்தோஷப்படுவார்கள், அத்தை வீட்டில் நாள் எண்ண ஆரம்பிப்பார்கள், நம்ம வாய்க்காலுக்கு எப்போது வரும், வருமா என்று. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு அந்த வயல்களை நான் என் கண்ணால் பார்த்ததைவிட அத்தையின் கேள்விகளால் பார்த்ததுதான் அதிகம்.

எங்களோடு வந்த வழிகாட்டி அதே ஊர்க்காரர், அவருக்கும் கொஞ்சம் நிலம் உண்டு. அத்தையை 'இபு' என்று கூப்பிட்டார், அம்மா என்று அர்த்தம். அத்தை அவரை முதல் நிமிஷத்திலிருந்தே தம்பி என்றுதான் கூப்பிட்டார். அவர் பேசிய ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்வேன், அத்தை கேட்பதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வேன், ஆனால் பாதி நேரம் என் உதவி இல்லாமலே இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. வரப்பைக் காட்டினால் வரப்பு, மடையைக் காட்டினால் மடை.

முதல் கொஞ்ச தூரம் சிமென்ட் போட்ட வண்டிப்பாதை. அப்புறம் வரப்பு. ஏப்ரல் கடைசி, முந்தின நாள் மழை பெய்திருந்ததால் வழுக்கியது. நான் பார்த்துப் பார்த்து அடி வைத்துக்கொண்டிருக்க, அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கால் கட்டைவிரலை மண்ணில் ஊன்றி ஊன்றி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். முழங்கால் வலியைப் பற்றி அன்றைக்கு முழுக்க ஒரு பேச்சும் இல்லை.

இரண்டு பக்கமும் பயிர் நெஞ்சுயரம். அங்கே பழைய ரகச் சிவப்பு நெல்லை இன்னும் விடாமல் போடுகிறார்கள். ஆண்டின் தொடக்கத்தில் நட்டால் ஜூன், ஜூலை வாக்கில்தான் அறுப்பு, கிட்டத்தட்ட ஆறு மாதப் பயிர். அதை அறுக்கிற கத்தியைப் பார்க்க வேண்டும். அனி-அனி என்று பெயர். ஒரு சின்ன மரத்துண்டில் பதித்த விரல் நீளத் தகடு, அவ்வளவுதான், கையை மூடினால் உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். நெல்லின் தெய்வம் தேவி ஸ்ரீ, அவளுக்குக் கத்தி தெரிந்தால் பயந்துபோவாளாம், அதனால் மறைத்துப் பிடித்துக் கதிர் கதிராகக் கொய்கிறார்கள். அத்தை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்ரீன்னா நம்ம லட்சுமிதானே" என்றார். ஆமாம், அதே ஸ்ரீதான்.

இப்படிப் பழக்கமான சொற்கள் அங்கே அடிக்கடி காதில் விழும். கோயில் நீருக்கு 'தீர்த்த' என்கிறார்கள். கிராமத்துக்கு 'தேச'. இவை வடமொழி வழியாக வந்தவை. நேராகத் தமிழிலிருந்து போனதும் இருக்கிறது. இந்தோனேசிய மொழியில் நீர் தேங்கும் குட்டைக்குக் 'கோலம்' என்று பெயர், நம் குளம்தான் அது, மலாய் வழியாகப் போய்ச் சேர்ந்தது. கப்பலுக்கும் அவர்கள் 'கப்பால்' என்கிறார்கள்.

திசை சொல்வதில் இன்னொரு அழகு. வழிகாட்டி எதைக் காட்டினாலும் 'காஜா', 'கெலோட்' என்றார். காஜா என்றால் மலைப்பக்கம், கெலோட் என்றால் கடல்பக்கம். தீவின் தெற்கே இருப்பவருக்குக் காஜா வடக்கில் இருக்கிறது, வடக்குக் கரையில் இருப்பவருக்கு அதே சொல் தெற்கைக் குறிக்கும். மலை எங்கேயோ அங்கே காஜா. யோசித்துப் பாருங்கள், நமக்கும் மேல் இருக்கிற பக்கம் மேற்கு, கீழ் இருக்கிற பக்கம் கிழக்கு. மலையிலிருந்து தண்ணீர் இறங்கி வருகிற ஊரில் மனிதர்கள் திசையைச் சரிவிலிருந்துதான் கற்றுக்கொள்வார்கள் போலிருக்கிறது.

ஒரு மணி நேரம் நடந்திருப்போம். வாய்க்கால் ஓரிடத்தில் பிரிந்தது. படம் எடுக்கிறவர்கள் யாரும் அங்கே நிற்கவில்லை, வயல் படிக்கட்டு முழுசாகத் தெரிகிற மேட்டுக்குத்தான் எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி நின்றார், அத்தையும் நின்றார். வாய்க்காலின் குறுக்கே ஒரு தடுப்பு, மேல்விளிம்பில் வெவ்வேறு அகலத்தில் பள்ளங்கள், ஒவ்வொரு பள்ளத்து வழியாகவும் தண்ணீர் தனித்தனியாக வழிந்து தனித்தனி வாய்க்காலில் விழுகிறது. இதற்கு 'தெம்புக்கு' என்று பெயர். முன்பெல்லாம் மரக்கட்டையில் வெட்டுவார்கள், இப்போது பல இடங்களில் சிமென்ட். பள்ளங்களின் ஆழம் ஒன்றுதான். அகலம் மட்டும் பங்குக்குத் தகுந்த மாதிரி. இரண்டு பங்கு உள்ள பக்கத்துக்கு இரண்டு மடங்கு அகலம். ஆற்றில் நிறைய வந்தால் எல்லோருக்கும் நிறைய, குறைந்தால் எல்லோருக்கும் அதே விகிதத்தில் குறையும். திறக்க, மூட, பூட்டு போட ஒன்றுமே இல்லை.

அத்தை குனிந்து ஒவ்வொரு பள்ளத்திலும் கை வைத்து அகலம் பார்த்தார். ஒரு பள்ளத்தில் இலைச்சருகு அடைத்துக்கொண்டிருந்தது. வழிகாட்டி அதை எடுத்துப் போட்டார். அது அவர் வயலுக்குப் போகிற பள்ளமா என்று கேட்டேன். இல்லை, கீழே வேறு ஒருவருடையது என்றார், அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

அப்போதுதான் அத்தை கேட்டார்: "ஏன் தம்பி, தலைமடைக்காரன் ராத்திரியோட ராத்திரியா அடைச்சுக்கிட்டா கடைமடைக்காரன் என்ன பண்ணுவான்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் இன்றைக்கு இந்த ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

பாலியில் ஒரே நீர்மூலத்திலிருந்து தண்ணீர் எடுக்கிற விவசாயிகள் சேர்ந்து வைத்திருக்கிற அமைப்புக்குச் சுபாக் என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. தீவு முழுக்க சுமார் 1,200 சுபாக்குகள், ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 பேர் வரை. அவர்களே தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், வாய்க்காலைச் சேர்ந்து தூர்வாருகிறார்கள், வராதவருக்கு அபராதம் போடுகிறார்கள். எப்போது நடுவது, எப்போது நிலத்தைச் சும்மா விடுவது என்பதும் அவர்கள் கூடிப்பேசி முடிவு செய்வதுதான். ஒரே ஆற்றை நம்பியிருக்கிற பல சுபாக்குகள் நீர்க்கோயிலில் கூடுகின்றன. மலையுச்சி எரிமலை வாயில் இருக்கிற பாத்தூர் ஏரியின் கோயில்தான் இந்தக் கோயில்களில் பெரியது.

இதில் பயிர்க்காலத்துக்கு என்ன வேலை? விஷயமே அதில்தான் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வயலில் ஆளுக்கொரு நேரத்தில் நட்டால், பூச்சிக்கு வருஷம் முழுக்க விருந்து. என் வயலை அறுத்தால் உங்கள் வயலுக்கு வரும், உங்களுடையதை அறுத்தால் அடுத்தவருடையதற்குப் போகும். பெரிய பரப்பில் எல்லோரும் ஒன்றாக அறுத்து ஒன்றாக நிலத்தைச் சும்மா விட்டால் நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற புகையான் பூச்சிக்கும் எலிக்கும் தின்ன ஒன்றும் இருக்காது, செத்துப்போகும். ஆனால் ஆறு முழுக்க எல்லோரும் ஒரே வாரத்தில் சேற்றுழவு ஆரம்பித்தால் தண்ணீர் போதாது. எவ்வளவு பரப்பு சேர்ந்து நடலாம், எந்தப் பகுதி இரண்டு வாரம் பிந்தலாம் என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கைத்தான் கோயிலில் உட்கார்ந்து போட்டார்கள்.

எழுபதுகளில் பசுமைப் புரட்சி வந்தது. புதிய குறுகிய கால ரகங்களைக் கொடுத்து, கோயில் நாள் பார்க்காதீர்கள், எத்தனை போகம் முடியுமோ அத்தனை போடுங்கள் என்றார்கள். முதலில் விளைச்சல் ஏறியது. அப்புறம் ஆளாளுக்கு ஒரு நேரத்தில் நட்டதில் தண்ணீருக்குத் தகராறு, புகையான், துங்ரோ நோய் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடித்தது. பூச்சிமருந்து தெளித்துப் பார்த்தார்கள், தீரவில்லை. ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க மானிடவியலாளர், ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரோடு சேர்ந்து இரண்டு ஆறுகளின் சுபாக்குகளைக் கணினியில் மாதிரியாக அமைத்துப் பார்த்தார். எல்லோரும் தனித்தனியாக நட்டால் என்ன, எல்லோரும் ஒரே நாளில் நட்டால் என்ன, கோயில்கள் வகுத்தபடி கூட்டம் கூட்டமாக நட்டால் என்ன என்று. கோயில் முறையை ஒட்டி நட்ட கணக்கில்தான் விளைச்சல் அதிகமாக வந்தது. விவசாயிகள் அதற்கெல்லாம் காத்திருக்காமல் பல இடங்களில் பழைய முறைக்கே திரும்பியிருந்தார்கள்.

அத்தை கேட்ட கேள்விக்கு இப்போது பதில் கிடைக்கிறது. தலைமடைக்காரர் தண்ணீரை அடைத்துக்கொண்டால், கடைமடைக்காரர் தன் நேரத்தில் நட முடியாது, பிந்தி நடுவார். பிந்தி நட்ட வயலில் வளர்ந்த பூச்சி மேலே ஏறி வரும். தலைமடையின் பயிர் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டுமென்றால் கடைமடைக்குத் தண்ணீர் சரியான நாளில் போயாக வேண்டும். மேலே இருப்பவர் கையில் தண்ணீர் இருக்கிறது, கீழே இருப்பவர் கையில் பூச்சி இருக்கிறது. ஒருவரை ஒருவர் விட்டுவிட முடியாது.

வழிகாட்டி இதை ஒரு குச்சியால் சேற்றில் கோடு போட்டுக் காட்டினார். அத்தை ரொம்ப நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம பக்கமும் புகையான் வரத்தான் செய்யுது" என்றார். "யாரும் இப்படிச் சொல்லித் தரலியே."

அங்கிருந்து கிராமத்துக்கு இறக்கம். வழியெல்லாம் ஒவ்வொரு வயலிலும் தண்ணீர் நுழைகிற மூலையில், நாம் வாமடை என்கிறோமே அந்த இடத்தில், மூங்கிலில் கட்டிய சின்ன மாடம். குருத்தோலையில் முடைந்த உள்ளங்கை அகலத் தட்டில் பூவும் கொஞ்சம் சோறும் வைத்திருந்தார்கள். வீடுகளில் வாசலைத் தாண்டியதும் நேர் எதிரே ஒரு குட்டைச் சுவர், கெட்ட சக்திக்கு வளைந்து போகத் தெரியாது, சுவரில் முட்டித் திரும்பிவிடும் என்பது நம்பிக்கை. மலையும் சூரிய உதயமும் சேர்கிற மூலையில் குடும்பக் கோயில், தூணில் நிற்கிற நெற்குதிர், அதன் நிழலில் ஒரு பாட்டி குருத்தோலை கிழித்துக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஓலையை எடுத்து நம் ஊர்த் தோரணத்துக்கு மடிக்கிற மாதிரி மடித்துக் காட்டினார். பாட்டி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் தட்டுகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். 2012இல் யுனெஸ்கோ சுபாக் நிலப்பரப்பில் 19,500 ஹெக்டேரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, ஜத்திலுவி அதில் ஒரு பகுதி. ஆனால் பட்டியலில் சேர்ந்தால் மட்டும் வயல் நிற்காது. தீவின் தெற்கே வயலை விற்றுத் தங்கும் விடுதி கட்டுவது வேகமாக நடக்கிறது, நிலத்துக்குக் கிடைக்கிற விலை நெல்லுக்குக் கிடைப்பதில்லை. அதனால் ஊர்க்காரரையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாடு ஊருக்குள் சாப்பிடுங்கள். வரப்பில் எதிரே சுமையோடு யாராவது வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும், அது அவர்கள் வேலைக்குப் போகிற பாதை. தெம்புக்கு இருக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கோயிலுக்குள் போவதென்றால் இடுப்பில் துணி கட்டிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் நடையை முடித்தது ஒரு சின்னக் கடையில். சிவப்பரிசியை வறுத்துக் கொதிக்கவைத்த தேநீர் கொடுத்தார்கள், கருகின சோற்றுமணம், சர்க்கரை தேவையில்லை. அத்தை ஒரு கிலோ சிவப்பரிசி வாங்கிக்கொண்டார். ஊருக்கு வந்ததும் ராத்திரியே ஊறப்போட்டு, மறுநாள் காலையில் கஞ்சி வைத்து, நம் பழைய சிவப்பு நெல் காட்டுயானம் மாதிரி இருக்கிறது என்று சொல்லி, பக்கத்து வயல்காரர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கஞ்சி குடித்து முடித்ததும் அடுப்படியிலிருந்து ஒரு விறகுக்குச்சியை எடுத்துவந்து, முற்றத்து மண்ணில் தலைமடையிலிருந்து கோடு போட ஆரம்பித்தார்.

வணக்கம்.