மூன்றே எழுத்து, 645 பொருள்! ‘ரன்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு சொற்கள்

வணக்கம். ஓர் ஆங்கில வினைச்சொல்லை எடுத்துக்கொள்வோம். மூன்றே எழுத்து. பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் வருடமே எல்லோரும் படித்துவிடுகிற சொல். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அதற்கு எத்தனை பொருள் பிரித்திருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம். இருபதா? ஐம்பதா? நூறா?

(திரை முழுக்க: 645)

அறுநூற்று நாற்பத்தைந்து! சொல், ‘ரன்’. கிரிக்கெட்டில் எண்ணுகிறோமே, அந்த ரன் பெயர்ச்சொல். அது இந்தக் கணக்கிலேயே வராது. வினைச்சொல்லாக வரும்போது மட்டும் இத்தனை.

அகராதியின் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1884இல் முதல் பகுதி வெளிவந்து, 1928இல் முதல் பதிப்பு முடிந்தது. 1989இல் 20 தொகுதிகளாக இரண்டாம் பதிப்பு. அதில் நீளமான பதிவு என்ற பெருமை ‘செட்’ என்ற வினைச்சொல்லிடம் இருந்தது. தனித்து வரும்போதே அதற்கு 430 பொருள். மூன்றாம் பதிப்புக்காகச் சொற்களைத் திருத்தத் தொடங்கியதும் 2000இல் ‘மேக்’ முந்தியது, 2007இல் ‘புட்’ முந்தியது, 2011இல் ‘ரன்’ எல்லாவற்றையும் தாண்டிப் போய்விட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர் இந்த ஒரு சொல்லோடு மட்டும் ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். ஒரே சொல், ஒன்பது மாதம்! அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு மேலே போவோம்.

கேள்வி இதுதான். நடப்பதற்கும் குதிப்பதற்கும் ஏறுவதற்கும் ஆங்கிலத்தில் சொற்கள் இருக்கின்றன. அவையும் பழைய சொற்கள்தான், தினமும் புழங்குகிறவைதான். அவற்றுக்கெல்லாம் இல்லாத பெருக்கம் ‘ரன்’னுக்கு மட்டும் எப்படி வந்தது?

முதலில் நேர்ப்பொருள். ஓடுவதை வேகமான நடை என்று நினைத்துவிடக் கூடாது. நடைப்போட்டியின் விதியைப் பார்த்தால் வேறுபாடு புரிந்துவிடும்: நடப்பவரின் ஒரு பாதமாவது எப்போதும் தரையில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஓடுகிறவருக்கு ஒவ்வோர் எட்டிலும் ஒரு கணம் இரண்டு பாதங்களும் அந்தரத்தில் நிற்கும். கால் வைத்து ஓடுவது இவ்வளவுதான்.

ஆனால் பழைய ஆங்கிலத்தில்கூட இந்தச் சொல் காலை மட்டும் நம்பி இருக்கவில்லை. அன்றே தண்ணீரும் ஓடியது. இதன் உறவுச் சொல்லான ‘ரின்னன்’ ஜெர்மன் மொழியில் இன்றும் இருக்கிறது. அதற்கு வழிதல், ஒழுகுதல் என்றுதான் பொருள். ஆள் ஓடுவதற்கு அங்கே ‘ரென்னன்’ என்று வேறு சொல். அதாவது இந்தச் சொற்குடும்பத்தின் அடியில் இருப்பது வேகம் இல்லை, ஒரு தடத்தில் விடாமல் போய்க்கொண்டிருப்பது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இதற்காகத்தான் இந்தக் காணொளியையே எடுத்தேன்.

பள்ளியில் தன்வினை, பிறவினை படித்தது நினைவிருக்கிறதா? திருந்தினான், திருத்தினான். ஆடு, ஆட்டு. ஏறு, ஏற்று. ஓடு, ஓட்டு. தானே செய்தால் ஒரு வடிவம், பிறரைச் செய்ய வைத்தால் இன்னொரு வடிவம். பழைய ஆங்கிலத்திலும் இதே ஏற்பாடு இருந்தது! தானே ஓடுவதற்கு ‘ரின்னன்’ அல்லது ‘இர்னன்’ என்று ஒரு வினை; குதிரையை ஓட்டிக்கொண்டு போவது போன்ற பொருளுக்கு ‘ஏர்னன்’ என்று இன்னொன்று. ‘ரின்னன்’ எப்படி ‘இர்னன்’ ஆயிற்று என்று கேட்பீர்கள். தசை சதையானது போல, விசிறி சிவிறியானது போல, ஒலிகள் இடம் மாறிக்கொண்டன, அவ்வளவுதான்.

காலப்போக்கில் அந்த இரண்டு வினைகளும் ஒரே வடிவத்துக்குள் கலந்துவிட்டன. தமிழில் ‘ஓடு’வும் ‘ஓட்டு’ம் இன்றும் தனித்தனியாக நிற்கின்றன. ஆங்கிலத்தில் ‘ரன்’ ஒன்றே இரண்டு பாரத்தையும் சுமக்கிறது. பஸ் ஓடினாலும் ‘ரன்’, ஒரு நிறுவனம் அந்த பஸ்ஸை ஓட்டினாலும் ‘ரன்’. கணினியில் நிரல் ஓடினாலும் ‘ரன்’, நாம் அதை ஓட்டிப் பார்த்தாலும் ‘ரன்’. தண்ணீர் குழாயில் வந்தாலும் ‘ரன்’, குளிப்பதற்காகத் தொட்டியில் திறந்துவிட்டாலும் ‘ரன்’. 645 என்ற எண்ணைப் பார்த்து மலைத்தவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு சட்டைக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

ஆங்கிலம் இந்த ஏற்பாட்டை முழுவதும் தொலைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘ரைஸ்’ என்றால் தானே எழுவது, ‘ரெய்ஸ்’ என்றால் எழுப்புவது. ‘லை’ என்றால் கிடப்பது, ‘லே’ என்றால் கிடத்துவது. ‘சிட்’ என்றால் உட்காருவது, அதன் பிறவினை? ‘செட்’! பல காலம் முதலிடத்தில் இருந்ததே, அதே ‘செட்’தான்.

பிறகு இயந்திரங்கள் வந்தன. 19ஆம் நூற்றாண்டில் நீராவி இயந்திரம் எங்கும் பரவி ரயிலும் வந்தபோது, இடைவிடாமல் இயங்குவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வினை கையில் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் கணினி வந்தபோதும் அதே கதை.

(திரை இரண்டாகப் பிரிகிறது: இடப்பக்கம் ‘ரன்’, வலப்பக்கம் ‘ஓடு’)

இப்போது இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்றாகப் போகிற தூரமே ஆச்சரியம். ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, திரையரங்கில் படம் ஓடுகிறது: அங்கேயும் ‘ரன்’தான். ஒரு பக்கத்தின் மேல் பார்வையை ஓட்டுகிறோம். ஆங்கிலத்திலும் கண்ணை ஓட்டுகிறார்கள். சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது என்கிறோம். விரிசல் எங்கே ஓடியது? அது அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்தில் சாலையும் வேலியும் எல்லைக்கோடும் இப்படித்தான் ஓடுகின்றன. அசையாத ஒன்றை அசைவதாகச் சொல்லும் இந்த வழக்கத்தை லெனார்ட் டால்மி என்ற மொழியியலாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். உண்மையில் ஓடுவது கோட்டைப் பின்தொடரும் நம் பார்வை.

ஆனால் பிரிகிற இடங்கள் இருக்கின்றனவே, அவை இன்னும் அழகு. ஆங்கிலத்தில் மூக்கு ஓடுகிறது, தமிழில் ஒழுகுகிறது. துணியில் நிறம் அங்கே ஓடுகிறது. இங்கே சாயம் போகிறது. காய்ச்சலை அங்கே ஓட்டுகிறார்கள். இங்கே காய்ச்சல் அடிக்கிறது. ஒரு குணம் அங்கே குடும்பத்தில் ஓடுகிறது. இங்கே ரத்தத்தில் ஊறியிருக்கிறது. பெட்ரோல் அங்கே ‘ரன் அவுட்’ ஆகிறது, இங்கே தீர்ந்துவிடுகிறது.

நிறுவனத்தை என்ன செய்கிறோம்? ஆங்கிலத்தில் ‘ரன்’, அதாவது ஓட்டுகிறார்கள். நாம் நடத்துகிறோம். நட, நடத்து! பள்ளியானாலும் பத்திரிகையானாலும் அரசானாலும் தமிழில் நடத்துவதுதான். ஒரே வேலைதான், அவர்கள் அதை ஓட வைக்கிறார்கள், நாம் நடக்க வைக்கிறோம். என்னைக் கேட்டால் நம் சொல்லில்தான் பொறுப்பு அதிகம் தெரிகிறது.

தேர்தல் இன்னும் சுவையானது. அமெரிக்காவில் வேட்பாளர் பதவிக்காக ‘ரன்’ செய்கிறார். பிரிட்டனிலோ வேட்பாளர் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார். ஒரே மொழி, நடுவில் ஒரு கடல், ஒரு கரையில் ஓடுகிறார்கள், மறு கரையில் நிற்கிறார்கள்! இதில் தமிழ் பிரிட்டனின் பக்கம்: தேர்தலில் நிற்கிறார் என்றுதான் சொல்கிறோம். இதைக் கவனித்த நாள் முதல் தேர்தல் செய்தி எதைப் படித்தாலும் என் கண் அந்த வினைச்சொல்லைத்தான் தேடுகிறது.

‘ரன்’னுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் சிறு சொற்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிப் பேர் கோபித்துக்கொள்வீர்கள். ஒன்றை மட்டும் எடுக்கிறேன்: ‘ரன் டவுன்’. கண்ணீர் கன்னத்தில் வழிந்தால் ‘ரன் டவுன்’. பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்தால் ‘ரன் டவுன்’. கார் ஒருவரை மோதித் தள்ளினால் அதுவும் ‘ரன் டவுன்’. தேடி அலைந்த தகவலை ஒருவழியாகக் கண்டுபிடித்தால், சக ஊழியரைப் பற்றித் தாழ்வாகப் பேசினால், பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தால், எல்லாமே ‘ரன் டவுன்’. பராமரிப்பில்லாமல் சிதைந்த கட்டடத்தையும், உழைத்து ஓய்ந்துபோன மனிதரையும் அதே சொல்லால்தான் குறிக்கிறார்கள்.

இதை ஒரு பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லும் புத்தகங்கள் உண்டு. தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். வாக்கியத்தில் ‘ரன்’ வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். தானே ஓடுகிறதா, யாராவது ஓட்டுகிறார்களா? எந்தத் தடத்தில், எதை நோக்கி? ‘டவுன்’ கீழே இழுக்கும்: கண்ணீர் கீழே போகிறது, பேட்டரியின் சக்தி கீழே போகிறது, ஒருவரின் மதிப்பைக் கீழே தள்ளுகிறார்கள். தகவலைத் துரத்திப் பிடிக்கும் பொருள் மட்டும் வேட்டையிலிருந்து வந்தது போலத் தோன்றும்: விலங்கு களைத்து விழும்வரை விரட்டிப் பிடிப்பது. இப்படிப் பார்த்தால் ஆறு ஏழு பொருளும் ஒரே ஓட்டத்தின் கிளைகளாகத் தெரியும்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. பதற்றத்தில் ‘எனக்கு ஒன்றுமே ஓடவில்லை’ என்கிறோம். ‘பிழைப்பு ஏதோ ஓடுகிறது’ என்கிறோம். ஆள் வராத இடத்தில் உட்கார்ந்திருப்பவரை ‘ஈ ஓட்டுகிறார்’ என்கிறோம். இவற்றில் எதையும் ‘ரன்’னைக் கொண்டு ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. இதுபோல ‘ஓடு’, ‘ஓட்டு’ வருகிற வழக்குகள் உங்கள் வீட்டிலும் பேச்சிலும் இருந்தால் கீழே எழுதுங்கள். வாக்கியத்தை அப்படியே, பேசுகிறபடியே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிக்கிறேன்.

அடுத்த காணொளி ‘செட்’ பற்றியது. உட்கார வைப்பது என்ற பொருளில் பிறந்த ஒரு பிறவினை, சூரியன் தானே மறைவதற்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று அதில் பார்ப்போம்.