அம்மா திரும்பி வரும்போது

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைக்கு எட்டு, ஒன்பது மாதம் ஆனதும் நம் வீடுகளில் ஒரு பேச்சு வரும்: "இப்போதெல்லாம் வேற்றுமுகம் பார்க்கிறான்." நேற்றுவரை எல்லோர் இடுப்புக்கும் தாவிய பிள்ளை, இன்று பக்கத்து வீட்டு அத்தையைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கும். இன்னொரு வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள்: "எங்கள் பாப்பா யார் தூக்கினாலும் போகும், அழவே அழாது." இந்த இருவரில் யாருக்குத் தாயிடம் ஒட்டுதல் அதிகம்?

அழுகிற பிள்ளைக்குத்தான் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆய்வாளர்களும் அழுகையைத்தான் அளந்து பார்த்தார்கள். 1964-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஷாஃபர், எமர்சன் இருவரும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளை மாதாமாதம் பின்தொடர்ந்தார்கள். யார் விட்டுப்போனால் குழந்தை அழுகிறது என்று தாய்மாரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். தாயிடம் மட்டுமல்ல, அப்பாவிடமும் பாட்டியிடமும் குழந்தை பிணைப்புக் கொள்கிறது என்று அதில் தெரிந்தது. பாட்டி வளர்த்த நமக்கு இது ஒன்றும் புதுச் செய்தி இல்லை.

அழுகையைத் தாண்டிப் பார்த்தவர் மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர். தாய்-சேய்ப் பிணைப்பைப் பற்றிய கோட்பாட்டை வகுத்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பியிடம் லண்டனில் வேலை பார்த்தவர். கணவருக்கு உகாண்டாவில் வேலை கிடைக்க, 1954-இல் கம்பாலாவுக்குப் போனார். போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. சுற்றியுள்ள கிராமங்களில் 26 குடும்பங்களின் வீடுகளுக்குப் போய், மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்து, தாயையும் பிள்ளையையும் மாதக்கணக்கில் பார்த்தார். அங்கே கண்ணில் பட்டது ஒரு சின்ன விஷயம். தவழும் குழந்தை தாயை விட்டுக் கொஞ்ச தூரம் போகும், எதையாவது எடுத்துப் பார்க்கும், திரும்பி வந்து தாயைத் தொட்டுவிட்டு மறுபடி போகும். தாய் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் அது உலகம் பார்க்கப் புறப்படுகிறது.

பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் இன்னொரு 26 குடும்பங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை. கூட்டினால் வீட்டுக்கு 70 மணி நேரத்துக்கும் மேல் வரும். ஆனால் ஒரு சிக்கல். இந்தக் குழந்தைகள் அம்மா அறைக்கு அறை போய்வருவதைத் தினமும் பார்த்துப் பழகியவர்கள். வீட்டுக்குள் அவள் எழுந்து போனால் ஏறிட்டும் பார்ப்பதில்லை. உகாண்டாவில் பளிச்சென்று தெரிந்தது இங்கே தெரியவில்லை.

சரி, பழகாத ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனால்? அப்படிப் பிறந்ததுதான் 'அந்நியச் சூழல்' என்ற சோதனை. பெயர்தான் கொஞ்சம் மிரட்டும். ஓர் அறை, இரண்டு நாற்காலி, தரையில் பொம்மைகள், ஒருபக்கம் மட்டும் பார்க்கக்கூடிய கண்ணாடி. ஒரு வயதுக் குழந்தையும் தாயும் உள்ளே வருகிறார்கள். அறிமுகம் இல்லாத ஒரு பெண் வந்து உட்கார்கிறார், சிரித்துப் பேசுகிறார். தாய் வெளியே போகிறார், திரும்பி வருகிறார். மறுபடி போகிறார். இம்முறை குழந்தை தனியே. அப்புறம் அந்தப் பெண் வருகிறார், கடைசியில் தாய். மொத்தம் எட்டுக் கட்டங்கள், முதல் கட்டம் தவிர ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். பிள்ளை மிகவும் தவித்தால் பாதியிலேயே தாயை உள்ளே அனுப்பிவிடுவார்கள்.

முக்கியமான இடம், தாய் போவது அல்ல, திரும்பி வருவது. பெரும்பாலான குழந்தைகள் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டன, சிறிது நேரத்தில் ஆறுதலடைந்து பொம்மைக்குத் திரும்பின. சில பிள்ளைகள் தூக்கச் சொல்லிக் கை நீட்டும், தூக்கினால் உதைக்கும். எப்படித் தேற்றினாலும் அடங்காது. இன்னும் சில, அம்மா வந்ததையே கவனிக்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தன.

"அழவே அழாது" என்று பெருமைப்பட்டோமே, அந்தப் பிள்ளையும் இப்படிப்பட்டதுதானா? இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சுபாவத்திலேயே சமர்த்தான குழந்தைகளும் உண்டு. அம்மா போனபோது அழாமல், வந்ததும் சிரித்துக்கொண்டே கை நீட்டிய குழந்தையை, ஓடிப்போய் ஒட்டி ஆறுதலடைந்த பிள்ளைகளோடு சேர்த்து, 'பாதுகாப்பான பிணைப்பு' என்ற வகையில்தான் வைத்தார் எய்ன்ஸ்வொர்த். ஆனால் முகம் திருப்பிய பிள்ளைகளைப் பற்றி 1977-இல் ஸ்ரூஃப், வாட்டர்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சொன்னது எனக்கு இன்றும் மனதைப் பிசைகிறது. அந்தக் குழந்தைகளின் இதயத் துடிப்பை அவர்கள் அளந்து பார்த்திருந்தார்கள். குழந்தை விளையாட்டில் மூழ்கினால் துடிப்பு தணியும். இந்தப் பிள்ளைகளின் கண் பொம்மையில் இருந்தது, துடிப்போ தணியவே இல்லை. தவிப்பு உள்ளே இருந்தது, வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சோதனையை எல்லா ஊருக்கும் அப்படியே பொருத்தலாமா? ஜப்பானின் சப்போரோ நகரில் டகாஹாஷி என்ற ஆய்வாளர் 60 குழந்தைகளைச் சோதித்தபோது முகம் திருப்பியது ஒன்றுகூட இல்லை. மூன்றில் ஒரு பங்கு, தேற்ற முடியாமல் அழுத வகை. தாயை விட்டுத் தனியே இருந்து பழக்கமே இல்லாத பிள்ளைக்கு மூன்று நிமிடத் தனிமை என்பது வேறு கணக்கு. அதே அறை, அதே கடிகாரம், ஆனால் அதே சோதனை இல்லை என்பது என் கருத்து. ஆனாலும் எல்லாவற்றையும் நாட்டின் மேல் போட்டுவிட முடியாது: 1988-இல் எட்டு நாடுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நாட்டுக்கு நாடு இருந்த வித்தியாசத்தைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது.

ஒரு வேண்டுகோள். இதைக் கேட்டுவிட்டு, இன்று சாயங்காலம் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று குழந்தையைச் சோதிக்காதீர்கள். அன்று பசியா, தூக்கமா, பல் முளைக்கிறதா, யாருக்குத் தெரியும்? பயிற்சி பெற்றவர்கள்கூட, எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் தரையில் உட்காருங்கள், போதும். அது தவழ்ந்து வரட்டும்.

நன்றி, வணக்கம்.